நாய்க்கும் பூனைக்கும் வலி மருந்து கொடுக்கும்போது

நான்கு கிலோ எடையுள்ள பூனையைக் கொல்ல ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை போதும். காய்ச்சல் வந்தால் நாம் யோசிக்காமல் போட்டுக்கொள்ளும் அதே 500, 650 மில்லிகிராம் மாத்திரைதான். பூனையின் உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் போனாலே நஞ்சேறிய நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. 650 மில்லிகிராம் மாத்திரை ஒன்று நான்கு கிலோ பூனையின் வயிற்றுக்குள் போனால் கணக்கு கிலோவுக்கு 160 மில்லிகிராமைத் தாண்டிவிடும். விஷம் வைக்க நினைத்து யாரும் இதைக் கொடுப்பதில்லை. பூனை சுருண்டு கிடக்கிறது, உடம்பு சுடுகிறது, ராத்திரி நேரம், டாக்டர் கிடைக்கவில்லை, குழந்தைக்குக் கொடுப்பதில் பாதிதானே என்று அன்பினால் கொடுக்கிறார்கள். அந்த அன்பு பூனையின் உயிரைப் பறித்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

பூனைக்கு மட்டும் ஏன் இப்படி? நம் கல்லீரல் பாராசிட்டமாலை குளுக்குரோனிக் அமிலத்தோடு இணைத்து, தண்ணீரில் கரையும் பொருளாக்கி, சிறுநீர் வழியே வெளியே அனுப்புகிறது. அந்த வேலைக்கு வேண்டிய நொதியை உருவாக்கும் மரபணு பூனைகளிடம் செயலிழந்து கிடக்கிறது. வீட்டுப் பூனைக்கு மட்டுமல்ல, பூனைக் குடும்பத்துக்கே பொதுவான குறை இது. வெளியேற வழியில்லாத மருந்து வேறு பாதையில் சிதைந்து நஞ்சாகிறது. அந்த நஞ்சு ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைக் கெடுக்கிறது. சில மணி நேரத்தில் ஈறுகள் இளஞ்சிவப்பு போய்ப் பழுப்பாகவோ நீலம் பாய்ந்தோ தெரியும். முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சு வாங்கும், சிறுநீர் கருத்துப் போகும். இதற்கு அசிட்டைல்சிஸ்டைன் என்ற மாற்று மருந்து உண்டு. ஆனால் மணிக்கணக்கில் தள்ளிப்போட்டால் அதனாலும் காப்பாற்ற முடியாமல் போகலாம்.

நாய்கள் பாராசிட்டமாலைப் பூனையைவிடத் தாங்கும். சில சமயம் கால்நடை மருத்துவர்களே அளந்து கொடுப்பதும் உண்டு. நாயும் பூனையும் சேர்ந்து வளரும் வீடுகளில் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. நாய்க்கு டாக்டர் எழுதிக்கொடுத்தது பூனைக்கும் ஆகும் என்று ஒருபோதும் எடுத்துக்கொள்ளக்கூடாது. காம்பிஃப்ளாம் போன்ற கூட்டு மாத்திரைகள் இன்னும் மோசம். அதில் ஒரே மாத்திரைக்குள் 400 மில்லிகிராம் ஐபுபுரூஃபனும் 325 மில்லிகிராம் பாராசிட்டமாலும் இருக்கின்றன. ஐபுபுரூஃபன் நாய்க்கும் ஆகாது, பூனைக்கும் ஆகாது. பத்து கிலோ நாய்க்கு ஒரு 400 மில்லிகிராம் மாத்திரை என்றால் கிலோவுக்கு 40 மில்லிகிராம். அந்த அளவிலேயே வாந்தியும் வயிற்றுக் கோளாறும் வரும். கிலோவுக்கு 100-ஐத் தாண்டினால் இரைப்பையில் புண், 175-ஐத் தாண்டினால் சிறுநீரகமே செயலிழக்கும் ஆபத்து. பூனைக்கு நஞ்சேற இதில் பாதி அளவே போதும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, மருந்தே வேண்டாம், வலியைத் தாங்கிக்கொள்ளட்டும் என்று யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது. ஆபரேஷன் முடிந்த நாய்க்கு வலி இருந்தால்தான் ஓடாமல் படுத்திருக்கும், புண் சீக்கிரம் ஆறும் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது தவறு. வலியோடு கிடக்கும் பிராணி சாப்பிடாது, தூங்காது, புண்ணும் மெதுவாகத்தான் ஆறும். கருத்தடை ஆபரேஷனுக்குப் பின் டாக்டர் மூன்று நாளைக்கு எழுதிக்கொடுத்த மருந்தை, முதல் நாளே நன்றாகத்தானே நடக்கிறது என்று நிறுத்துவதும் அந்தப் பிராணிக்குச் செய்யும் கொடுமைதான். நிறுத்தலாமா என்று ஒரு போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

நாயின் வலி ஓரளவு கண்ணுக்குத் தெரியும். நொண்டும், மாடிப்படி ஏறத் தயங்கும், ஒரே மூட்டை நக்கிக்கொண்டிருக்கும், தொட்டால் சீறும். பூனை வலியை மறைப்பதில் கெட்டிக்காரி. கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடும், மேலே தாவுவதை நிறுத்திவிடும், உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதை விட்டுவிடும். வயசாகிவிட்டது என்று நாம் கடந்துபோவதில் பாதி மூட்டுவலியாக இருக்கும். பூனையின் முகத்தைப் பார்த்தே வலியை மதிப்பிட 2019-இல் கனடாவின் மாண்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு அளவுகோலை வெளியிட்டார்கள். காது தட்டையாகிப் பக்கவாட்டில் திரும்பியிருக்கிறதா, கண் இடுங்கியிருக்கிறதா, மூக்கும் வாயும் இறுகியிருக்கின்றனவா, மீசை நேராக விறைத்து நிற்கிறதா, தலை தோளுக்குக் கீழே தாழ்ந்திருக்கிறதா என்று ஐந்தையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று மதிப்பெண் போடவேண்டும். மொத்தம் பத்துக்கு நான்கும் அதற்கு மேலும் வந்தால் வலி மருந்து தேவை என்று பொருள். இதைப் பழகிக்கொள்ளக் கொஞ்ச நேரம்தான் ஆகும், எல்லாப் பூனை வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பூனை நன்றாக இருக்கும்போதே அதன் முகத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் ஒப்பிட்டுப் பார்க்க எளிது.

டாக்டர் எழுதிக்கொடுப்பது பெரும்பாலும் மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென், ஃபிரோகாக்சிப், ரோபினகாக்சிப் போன்ற ஒன்றாக இருக்கும். பெயர்கள் வேறாக இருந்தாலும் இவை எல்லாம் ஒரே குடும்பம். அடிபட்ட இடத்தில் வீக்கத்தையும் வலியையும் கிளப்பும் புரோஸ்டாகிளான்டின் என்ற பொருள் உருவாவதைத் தடுப்பதுதான் இவற்றின் வேலை. சங்கடம் என்னவென்றால், அதே புரோஸ்டாகிளான்டின்தான் இரைப்பையின் உட்சுவரை அமிலத்திடமிருந்து காக்கிறது. உடம்பில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் போவதை உறுதிசெய்வதும் அதுதான். வலியைத் தடுக்கும்போது இந்தக் காவலும் கொஞ்சம் தளர்கிறது. அளவு சரியாக இருந்து பிராணி நன்றாகச் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தால் பெரும்பாலும் தொந்தரவு வராது. அளவு ஏறினாலோ, உடம்பு காய்ந்திருந்தாலோ, சிறுநீரகம் முன்பே பழுதாகியிருந்தாலோ புண்ணும் செயலிழப்பும் வருகின்றன. மருந்தின் பக்கவிளைவுகள் ஏறக்குறைய எல்லாவற்றையும் இந்த ஒரு காரணத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

அளவு எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு மெலாக்சிகாமையே பார்க்கலாம். பத்து கிலோ நாய்க்கு முதல் நாளுக்குப் பிறகு தினசரி வழக்கமான அளவு சுமார் 1 மில்லிகிராம். பூனைக்குத் தொடர்ந்து கொடுக்க அனுமதி உள்ள நாடுகளில் நான்கு கிலோ பூனைக்கு நாளைக்கு 0.2 மில்லிகிராம். மனிதர்களுக்கு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் மெலாக்சிகாம் மாத்திரையோ 7.5 அல்லது 15 மில்லிகிராம். மருந்தின் பெயர் ஒன்றுதானே, கால்நடை மருந்துக் கடை தூரம், பக்கத்துக் கடையில் வாங்கிவிடலாம் என்று நினைத்தால், நாய்க்கு ஒரு வாரத்து மருந்தும் பூனைக்கு ஒரு மாதத்துக்கும் மேலான மருந்தும் ஒரே வேளையில் உள்ளே போய்விடும். மாத்திரையைக் கத்தியால் நறுக்கி இதைச் சரிக்கட்டவும் முடியாது. மேலே சொன்ன எண்கள் ஆபத்தைப் புரியவைப்பதற்குத்தான். உங்கள் பிராணிக்கு எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

சொட்டு மருந்தாகக் கொடுக்கும்போது இன்னொரு இடறல் உண்டு. மெலாக்சிகாம் திரவம் ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 மில்லிகிராம், 1.5 மில்லிகிராம் என்று இரண்டு அடர்த்தியில் வருகிறது. முன்னது பூனைக்கும் சிறிய உடல்வாகு கொண்ட நாய்க்கும், பின்னது மற்ற நாய்களுக்கு. பாட்டில் மாறினால் அளவு மூன்று மடங்கு. கூடவே தரும் சிரிஞ்சில் சிலவற்றில் மில்லிலிட்டருக்குப் பதிலாகப் பிராணியின் எடை கிலோவில் குறிக்கப்பட்டிருக்கும். அதைத் தொலைத்துவிட்டு வீட்டில் கிடக்கும் ஊசி சிரிஞ்சில் அதே எண் வரை இழுத்தால் கணக்கு எங்கேயோ போய்விடும். அதனால் மருந்து வாங்கும்போதே, டாக்டர் முன்னிலையிலோ கம்பவுண்டர் முன்னிலையிலோ, சிரிஞ்சில் எந்தக் கோடு வரை என்று பேனாவால் அடையாளம் போட்டு வாங்கிவிடுங்கள். எடையையும் உத்தேசமாகச் சொல்லாதீர்கள். வீட்டில் எடை மெஷின் இருந்தால் பிராணியைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை நின்று, இறக்கிவிட்டு ஒருமுறை நின்று, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். போன வருஷத்து எடைக்குப் போட்ட அளவு இந்த வருஷத்துக்கு ஆகாது.

டாக்டர் சீட்டு எழுதும் முன்னால் அவரிடம் தவறாமல் சொல்லவேண்டியவற்றில் முதலாவது ஸ்டீராய்டு. போன வாரம் அரிப்புக்கு ஒரு ஊசி போட்டார்கள் என்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அது பல சமயம் பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டாக இருக்கும். ஸ்டீராய்டும் இந்த வலி மருந்தும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் இரைப்பை ஓட்டையாகும் அளவுக்குப் புண் வரலாம். வேறு டாக்டரிடம் போட்ட ஊசி என்றால் அந்தச் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள். ஒரு வலி மருந்திலிருந்து அதே குடும்பத்தின் இன்னொன்றுக்கு மாறும்போதும் நடுவே சில நாள் இடைவெளி விடுவார்கள். பொதுவாக ஐந்து முதல் ஏழு நாள். அது கேட்கவில்லை, இது கொடுத்துப் பார்க்கலாம் என்று அலமாரியிலிருந்து மாற்றி எடுப்பதற்கு இடமே இல்லை.

நம் ஊருக்கு இன்னொன்றைக் குறிப்பாகச் சொல்லவேண்டும்: உண்ணிக் காய்ச்சல். தமிழ்நாட்டு நாய்களிடம் மிகச் சாதாரணமாக வரும் நோய் இது. எர்லிக்கியா கிருமி தொற்றினால் ரத்தத் தட்டணுக்கள் குறைந்துபோகும். நாய் சோர்ந்து, காய்ச்சலோடு, நடக்கவே வலித்து நிற்கும். பார்ப்பவர்களுக்கு மூட்டுவலி போலவே இருக்கும். தட்டணு குறைந்த நாய்க்கு ஆஸ்பிரினோ ஐபுபுரூஃபனோ கொடுத்தால் ரத்தக்கசிவு இன்னும் கூடும். மூக்கில் ரத்தம் வருகிறது, வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரிகின்றன என்றால் வலி மருந்தைத் தொடவே கூடாது. ஒரு ரத்தப் பரிசோதனை செய்தால் விஷயம் தெரிந்துவிடும். வயதான பிராணிகளுக்கு வலி மருந்து தொடங்குமுன் கிரியேட்டினின், கல்லீரல் நொதி அளவுகளைப் பார்க்க டாக்டர் சொன்னால், செலவு என்று தட்டிக்கழிக்காதீர்கள். பூனைகளில் சிறுநீரக நோய் வயதோடு சேர்ந்தே வருவது, வெளியே தெரியும்போது பெரும்பகுதி சேதமாகியிருக்கும். கர்ப்பமாக இருந்தாலும் குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாலும் அதையும் சொல்லிவிடவேண்டும்.

கொடுக்கும் முறைக்கு வருவோம். இந்தக் குடும்ப மருந்துகளைப் பெரும்பாலும் சாப்பாட்டோடு கொடுக்கச் சொல்வார்கள். ஆனால் ஒரு தட்டு தயிர்சாதத்தில் பொடித்துக் கலந்து வைக்காதீர்கள். பாதி தின்றுவிட்டு நாய் போய்விட்டால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. கோழித்துண்டிலோ சீஸிலோ சின்ன உருண்டைகள் மூன்று செய்யுங்கள். முதலில் வெறும் உருண்டை, அடுத்தது மாத்திரை வைத்தது, அது வாயில் இருக்கும்போதே மூன்றாவதைக் காட்டினால் மென்று துப்பாமல் விழுங்கிவிடும். பூனைக்கு மாத்திரையை நாக்கின் பின்பக்கம் வைத்த பிறகு, வாயின் ஓரமாகச் சிரிஞ்சில் ஐந்து மில்லிலிட்டர் தண்ணீரை மெதுவாகக் கொடுக்கவேண்டும். வறண்ட மாத்திரை பூனையின் உணவுக்குழாயிலேயே ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிடும். நாய் அன்றைக்கு எதையுமே சாப்பிடவில்லை என்றால் மருந்தைக் கொடுக்காமல் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தாலும், சித்திரை வெயிலில் அலைந்து நாக்கு வறண்டு கிடந்தாலும் அப்படியே.

ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்துக் கொடுக்கக்கூடாது. கூட்டுக் குடும்பங்களில் இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. காலையில் அம்மா கொடுத்துவிட்டுச் சமையலுக்குப் போக, அது தெரியாமல் பையன் காலேஜ் கிளம்பும்முன் இன்னொன்று கொடுப்பான். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காகிதம் ஒட்டி, கொடுத்தவர் கொடுத்த நேரத்தை எழுதிவைத்தால் போதும்.

மருந்து தொடங்கிய நாளிலிருந்து சாப்பாட்டுத் தட்டையும் மலத்தையும் தினமும் பாருங்கள். பிராணி வாய்விட்டு வயிறு எரிகிறது என்று சொல்லாது. வீட்டில் இருக்கும் நாம்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். சாப்பாட்டை வேண்டாமென்று திரும்புவதுதான் பெரும்பாலும் முதல் அறிகுறி. அடுத்து வாந்தி, சோர்வு. மலம் தார் போலக் கருத்துப் பிசுபிசுப்பாக வந்தால் இரைப்பையில் ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். திடீரென்று நிறையத் தண்ணீர் குடிப்பது, சிறுநீர் அதிகமாவது அல்லது நின்றுபோவது சிறுநீரகத்தைக் காட்டும். கண்ணின் வெள்ளையும் ஈறும் மஞ்சளானால் கல்லீரல். இவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த வேளையைக் கொடுக்காமல் முதலில் நிறுத்துங்கள், பிறகு டாக்டரைக் கூப்பிடுங்கள். ஒரு வேளை மருந்து தவறுவதால் பெரிதாக எதுவும் ஆகாது. புண்ணுள்ள வயிற்றில் இன்னொரு மாத்திரை விழுந்தால் ஆகும்.

மூட்டுத் தேய்மானத்துக்கு மாதக்கணக்கில் மருந்து எடுக்கும் வயதான லாப்ரடார்களுக்கு, வலியை அடக்கப் போதுமான மிகக் குறைந்த அளவு எது என்று டாக்டரோடு சேர்ந்து கண்டுபிடித்து, சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தம் பார்த்துக்கொண்டே போகவேண்டும். குண்டான நாய் கொஞ்சம் எடை குறைத்தாலே நொண்டல் குறைவது ஆய்வுகளில் தெரிந்த உண்மை. சாப்பாட்டைக் குறைத்தால் மருந்தையும் குறைக்க முடியும். பூனைகள் விஷயத்தில் நாடுகளுக்கிடையே ஒரே நிலைப்பாடு இல்லை. ஐரோப்பாவில் குறைந்த அளவு மெலாக்சிகாமைப் பூனைக்குத் தொடர்ந்து கொடுக்க அனுமதி இருக்கிறது. அமெரிக்காவிலோ, பூனைக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் சிறுநீரகம் செயலிழந்து சாகலாம் என்ற எச்சரிக்கை 2010-இலிருந்து மருந்தின் மேலேயே அச்சிடப்படுகிறது. ஆகவே உங்கள் டாக்டர் பூனைக்கு இரண்டு நாளைக்கு மட்டும் எழுதிக்கொடுத்தால், மீதியிருப்பதை வைத்து அவரைக் கேட்காமல் நீட்டிக்காதீர்கள்.

சில சமயம் வலிக்கு மனிதர்களுக்கான காபாபென்டின் கேப்ஸ்யூலை டாக்டரே எழுதுவார். அதைக் கொடுத்த பூனை முதல் ஓரிரு நாள் தள்ளாடும், நிறையத் தூங்கும். உயரமான இடத்தில் ஏறவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். நாய்க்கு இதையே சிரப்பாக வாங்கினால் லேபிளில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது நாயின் ரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கி, கல்லீரலையும் கெடுக்கும். நெடுநாள் கொடுத்த காபாபென்டினைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. டிரமடால் என்ற வலி மருந்து 2018 முதல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருவதால் சீட்டில்லாமல் கடையில் கேட்பதில் அர்த்தமில்லை.

டைக்ளோஃபெனாக் தனியாகச் சொல்லவேண்டியது. கால்நடைகளுக்கு இதைப் பயன்படுத்துவதை இந்தியா 2006-இல் தடைசெய்தது. மருந்து ஏறிய மாடு செத்தபின் அதைத் தின்ற கழுகுகள், பிணந்தின்னிக் கழுகுகள் என்கிறோமே அவை, சிறுநீரகம் கெட்டுக் கூட்டங்கூட்டமாக மாண்டன. முதுமலையிலும் மாயாறு பள்ளத்தாக்கிலும் இன்று எஞ்சியிருக்கும் கழுகுகளுக்காக நாமும் கவலைப்பட வேண்டும். கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் 2023-இல் அதே வரிசையில் சேர்ந்தன. நாய் பூனைக்கும் டைக்ளோஃபெனாக் நல்லதல்ல. முழங்காலில் நாம் தடவிக்கொள்ளும் டைக்ளோஃபெனாக் ஜெல்லையும் நாய் ஆசையாக நக்கும். அமெரிக்காவில் ஃப்ளர்பிப்ரோஃபென் என்ற வலி களிம்பைத் தடவியவர்களின் வீட்டுப் பூனைகள் நோயுற்று, சில செத்தும்போனதால் 2015-இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை வெளியிட்டது. அந்தப் பூனைகளுக்கு யாரும் மருந்து கொடுக்கவில்லை. ஆகவே களிம்பு தடவிய இடத்தைத் துணியால் மூடுங்கள், தடவிய கையைக் கழுவிவிட்டுப் பூனையைத் தொடுங்கள்.

நாய்களுக்கான மாத்திரைகளில் பலவற்றை இறைச்சி வாசனையோடு செய்கிறார்கள். சுலபமாகத் தின்னும் என்பது நல்லதுதான், அதே காரணத்தால் டப்பாவையே கடித்துத் திறந்து முழுவதையும் தின்றுவிடும். குழந்தைகளுக்கு எட்டாத இடம் நாய்க்கும் எட்டாது என்று நம்பாதீர்கள், பூட்டிய அலமாரியில் வையுங்கள். அப்படித் தின்றுவிட்டாலோ, பூனை ஒரு பாராசிட்டமாலை விழுங்கிவிட்டாலோ, உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள். உப்பே தனி விஷமாகிவிடும். பாலும் முட்டையும் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவும் வேண்டாம். மாத்திரை அட்டையைக் கையில் எடுங்கள். எத்தனை காலியாக இருக்கிறது, ஒரு மாத்திரை எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு நடந்திருக்கும், பிராணியின் எடை எவ்வளவு, வேறு என்ன மருந்து எடுக்கிறது என்பதைப் போனிலேயே சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். தின்று சில மணிநேரத்துக்குள் போனால் டாக்டர் பாதுகாப்பாக வாந்தி எடுக்கவைத்து, கரித்தூள் கொடுத்து, ரத்தத்தில் சேரும் மருந்தைக் குறைக்க முடியும். பக்கத்தில் கிளினிக் இல்லாதவர்கள் சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களின் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உங்களுக்கு அருகில் இருப்பது எது, ராத்திரியில் யாரைக் கூப்பிடுவது என்பதை இன்றைக்கே விசாரித்து எண்ணைக் குறித்துவையுங்கள். நாய் வாலாட்டிக்கொண்டு சாதாரணமாக நிற்கிறதே என்று தயங்கவேண்டாம். சிறுநீரகச் சேதம் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். அதற்கு முன்பே குளுக்கோஸ், சலைன் ஏற்றத் தொடங்கினால்தான் அந்தச் சிறுநீரகத்தை மீட்க முடியும்.